பார்க்காமல் வைத்த மொய்

மேடவாக்கம் கூட்ரோடு வருவதற்குள் சொல்லிவிடுவான் என்று ஜெசிந்தா மனசுக்குள் கெடு வைத்திருந்தாள். கூட்ரோடு வந்தது, கார் பாலத்தில் ஏறி இறங்கியது, கெடு போயே போய்விட்டது. சபரிநாதன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, தன் மகன் ஓவியப் போட்டியில் யானைக்கு ஐந்து கால் போட்டுவிட்டு 'ஒண்ணு ஸ்பேர் மிஸ்' என்று டீச்சரிடம் சொன்ன கதையைச் சொல்லிச் சிரித்தானே ஒழிய, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அவளும் சிரித்தாள். அதுதான் வயிற்றெரிச்சல். சிரிக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள், பள்ளிக்கரணையில் அவன் எட்டிக் கதவைத் திறந்துவிட்டு 'ஏறுங்க மேடம், தேர் வந்தாச்சு' என்றபோதும் சிரித்தாள், இப்போதும் சிரித்தாள். வருசக்கணக்காக ஒரே காரில் போய் ஒரே காரில் வருகிற பழக்கம். மனசுக்குத் தெரிந்துபோன சங்கதி வாய்க்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. மடியில் டிபன் பாக்ஸ் வேறு சுடுகிறது. அவன் பெண்டாட்டி லலிதா இவளுக்கென்று தனியாகக் கட்டிக் கொடுத்த பொடி இட்லி. 'ஜெசிக்குக் காரம் தூக்கலா வேணும்னு தனியா இடிச்சா, எனக்குக் கூட இந்த மரியாதை இல்ல' என்று அவன் நீட்ட, இவள் வெட்கம்கெட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயிற்று. சரி, சோழிங்கநல்லூர் சிக்னல் வரைக்கும் பார்ப்போம். வீட்டுப் பேச்சு முடிந்த பிறகுதான் ஆபீஸ் பேச்சை எடுப்பான், அது அவன் வழக்கம்தானே. சிக்னலில் வண்டி நிற்கும்போது எடுப்பான். 'ஜெசி, ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று ஆரம்பிப்பான். ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவளே சொல்லிக்கொள்வாள்.

நடந்தது ஊருக்கே தெரியும். அதாவது அவர்கள் ஆபீஸ் என்கிற ஊருக்கு. பல ஊர்களில் டயாலிசிஸ் நிலையம் வைத்திருக்கிற ஒரு கம்பெனிக்கு இவர்கள் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த இடம், எந்த மிஷின் என்று அது பார்த்துக்கொள்ளும். இடமோ நேரமோ மாறினால் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அனுப்ப வேண்டும். போன ரிலீஸிலிருந்து ஒரு மெசேஜும் போகவில்லை. ஒரு தப்பும் காட்டாமல், ஒரு சிவப்பு விளக்கும் எரியாமல், எல்லாம் பச்சை பச்சையாக ஓடிக்கொண்டிருக்க, மெசேஜ் மட்டும் போகவில்லை. போன வாரம் ஒரு நிலையத்தில் தண்ணீர் சுத்திகரிக்கிற கருவி நின்றுபோய், காலையில் வர வேண்டியவர்களை எல்லாம் வேறு கிளைக்கு மாற்றினார்கள். யாருக்கும் தகவல் இல்லை. விடியற்காலையில் வந்து பூட்டின கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அதில் ராஜாமணி அம்மாள் என்று ஒருத்தர், வந்த ஆட்டோவை அனுப்பிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து காத்திருந்து, மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டார். இன்னும் ஐ.சி.யூ.வில் இருக்கிறார். இன்றைக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் மீட்டிங். வாடிக்கையாளர் பக்கத்து ஆட்கள் உட்காரப் போகிறார்கள், மேனேஜர் வாசுகி மேடம் உட்காரப் போகிறாள், யார் தப்பு என்று ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயர்க்காரர் இன்றோடு ப்ராஜெக்டை விட்டு வெளியே. ஒரு உயிர் விஷயத்தில் பேர் கெட்டு வெளியே வந்தவரை இந்தக் கம்பெனியில் வேறு எந்த டீமும் தொடாது. கொஞ்ச நாள் சும்மா உட்கார வைத்து, பிறகு காபி வாங்கிக் கொடுத்து, நைசாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். மெசேஜ் அனுப்புகிற நிரல் துண்டு ஜெசிந்தா எழுதினது. அதனால் நேற்று முழுக்க, தன் பெயர்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கே தவறவிட்டோம், எங்கே தவறவிட்டோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். இன்று காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சும்மா, ஒரு வரி யார் யார் கைபட்டு வந்திருக்கிறது என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை. மாற்றியவர்: சபரிநாதன். ஒப்புதல் கொடுத்தவர்: ஜெசிந்தா.

ஐயோ, இதை யாருக்காவது எப்படி விளக்குவது. அம்மாவுக்குச் சொல்வதென்றால் எப்படிச் சொல்வாள். கல்யாண வீட்டுக்குச் சமைக்க வருகிற மாஸ்டர் இருக்கிறாரே அம்மா, அவர் அடுப்பையும் அண்டாவையும் தலையில் தூக்கிக்கொண்டா வருகிறார்? 'எனக்கு இது இது வேணும்' என்று சொல்லிவிடுவார், கல்யாண வீட்டுக்காரர் கொண்டுவந்து வைப்பார். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்களே, அது அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டும் தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வாசலில் நின்று கேட்கும். கண்டெய்னர் என்று ஒருத்தன் இருக்கிறான், அவன் கொண்டுவந்து கையில் வைப்பான். வைக்கிறானா என்று பார்க்க வேண்டும். சில சமயம் ஒன்றுமே வைக்க மாட்டான். கையை நீட்டினால் கையில் 'நல்', வெறும் காலி. நல் என்றால் பூஜ்யம் கூட இல்லை, பூஜ்யம் ஒரு எண். நல் என்றால் இங்கே ஒன்று இருக்க வேண்டும், இல்லை. அப்போது மாஸ்டர் என்ன செய்ய வேண்டும்? 'கேஸ் வரலைங்க, நான் அடுப்பு பத்த வைக்க முடியாது' என்று முதல் நாளே கத்த வேண்டும். கத்தினால் சண்டை வரும், அவமானம் வரும், ஆனால் சிலிண்டர் வந்துவிடும். கத்தாமல் 'சரி, இருந்தாப் பாத்துக்கலாம்' என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் இருக்கிறானே, அவன்தான் குடிகெடுப்பவன். பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஜனம் உட்கார்ந்த பிறகல்லவா தெரியும். ஜெசிந்தா தன் துண்டின் வாசலில், மெசேஜ் அனுப்புகிறவனுக்குப் பதில் நல் வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடு, மொத்த மென்பொருளும் கிளம்பவே கூடாது என்று ஒரு வரி போட்டு வைத்திருந்தாள். அதற்கு மேலே இதை யாரும் எடுக்காதீர்கள் என்று குறிப்பு வேறு. சபரி அந்த வரியை எடுத்திருக்கிறான். குறிப்பையும் எடுத்திருக்கிறான். அதற்குப் பதிலாக, அனுப்புகிறவன் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் பேசாமல் போய்விடு என்று போட்டிருக்கிறான். குறிப்பையும் எடுத்தானே, அதுதான் ஆறவில்லை. வரியை அவசரத்தில் எடுக்கலாம். குறிப்பைப் படித்துவிட்டுத்தானே எடுக்க முடியும்.

"ஏசி கூடவா இருக்கு?" என்றான். இல்லை என்று தலையை ஆட்டினாள். பார், ஏசியைக் கேட்கிறான். பெரும்பாக்கம் தாண்டியாயிற்று. ஒப்புதல் கொடுத்தவர் ஜெசிந்தா. அதை எப்படி மறுப்பது, மறுக்க முடியாது, அது அவள் கட்டைவிரல்தான். டீமில் அதற்கு மொய் என்று பேர். ஒருத்தர் செய்த மாற்றத்தை இன்னொருத்தர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி; யார் படிக்கிறார்கள்? நீ என்னுடையதுக்கு வை, நான் உன்னுடையதுக்கு வைக்கிறேன். 'ஜெசி, ஒரு மொய்' என்று அவன் செய்தி அனுப்புவான், இவள் தட்டுவாள். 'ஏலே சபரி, மொய்யி' என்று இவள் அனுப்புவாள், அவன் தட்டுவான். மற்றவர்களுடையதை அவள் படித்துவிட்டுத்தான் தட்டுவாள், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறாள். சபரியுடையதைப் படித்ததில்லை. சபரியுடையதை எதற்குப் படிப்பது? அன்றைக்கு எழும்பூரில் நின்றிருந்தாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும், ஒரு கையில் பை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், பிளாட்பாரத்தில் கோச் எங்கே என்று ஓடுகிறாள், போன் அடிக்கிறது. 'ஜெசி, சின்ன மொய், வெறும் க்ளீனிங்தான், பாட்டிலை வச்சுட்டுத் தட்டு' என்று எழுதியிருந்தான். பாட்டிலை எப்படிக் கண்டான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தட்டினாள். 'பத்திரமாப் போ, அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு' என்று அடுத்த செய்தி. போய், சொன்னாள். கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மா 'நல்ல பையன்' என்றாள். வெறும் க்ளீனிங். மாற்றத்தின் தலைப்பிலும் அதையே எழுதியிருக்கிறான், காலையில்தான் பார்த்தாள். இவ்வளவு பெரிய காரியத்துக்குச் சுத்தம் செய்தது என்று பேர் வைத்திருக்கிறான். அப்போ அது அவசரம் இல்லை. அவசரத்தில் தப்பு செய்கிறவன் தலைப்பில் பொய் எழுத மாட்டான். இல்லை, எழுதுவானோ? அவசரமாக, கையில் வந்ததை. கண் எரிந்தது. ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, அதனாலாக இருக்கும்.

சரி, அவன் பக்கத்திலிருந்தும் பார்ப்போம் என்று பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவன் பக்கத்திலிருந்து பார்த்தே பழகிவிட்டது. அன்றைக்கு ரிலீஸ். மென்பொருள் கிளம்பவில்லை. ஏனென்றால் அங்கே கண்டெய்னருக்குக் கொடுக்கிற பட்டியலில் மெசேஜ் அனுப்புகிறவனுடைய விவரத்தை யாரோ சேர்க்க மறந்துவிட்டார்கள், நல் வந்தது, அவள் போட்ட வரி கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. நிற்கத்தானே போட்டது. வாடிக்கையாளர் லைனில் காத்திருக்கிறார், வாசுகி மேடம் 'ஆச்சா சபரி, ஆச்சா சபரி' என்று உயிரை எடுக்கிறாள், இவன் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கிறான். பாவம்தான். பாவம்தான், ஆனால் ஒரு போன் போட்டிருக்கலாமே? பிளாட்பாரத்தில்தானே நின்றாள். 'ஜெசி, கதவு சாத்திக்கிச்சு, என்ன வேணும் இதுக்கு' என்று கேட்டால், இன்ன விவரம் விட்டுப்போச்சு, சேத்துருலே என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பாள். கேட்டால் ரிலீஸ் கொஞ்சம் தாமதம் ஆகியிருக்கும், அவன் முகம் கொஞ்சம் சின்னதாகியிருக்கும். முகம் சின்னதாகக் கூடாது. கதவையே கழற்றிவிட்டான். மென்பொருள் கிளம்பிவிட்டது, எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள், கேக் வெட்டின போட்டோவைக் கூட குரூப்பில் போட்டான், இவள் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு இதயம் போட்டாள். சீ. இதயம் போட்டாளே. அவனுக்குத் தெரியாதா என்றால், உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். முந்தைய ப்ராஜெக்டில், ஒரு காலி, ஒரே ஒரு காலி, ஏழெட்டுக் கை மாறி எங்கேயோ போய் வெடித்து, அது முதலில் எந்த வாசலில் நுழைந்தது என்று இரண்டு பேரும் சாப்பிடாமல் கொள்ளாமல் தேடிக் கண்டுபிடித்த அன்று, நாற்காலியில் சாய்ந்துகொண்டு 'இனிமே காலியா வந்தான்னா வாசல்லயே வெச்சு வெளுத்துடணும் ஜெசி, உள்ள விடவே கூடாது' என்று சொன்னது யார்? அவன்தான். அவள் போட்ட வரி அவன் சொன்ன வரிதான். அவன் சொல்லைத்தான் அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். அவன் எடுத்துவிட்டான்.

சிக்னல் தெரிந்தது. மெட்ரோ வேலைக்குப் பச்சைத் தகரம் அடைத்து, இருக்கிற ரோட்டில் பாதியைத் தின்றிருந்தார்கள். வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறை. அவன் கியரைத் தள்ளிவிட்டுக் கையைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். சொல்லு. சொல்லுலே. சொன்னால் என்ன செய்வாள்? ஒன்றும் செய்ய மாட்டாள், அதுதான் உண்மை. கொஞ்சம் திட்டுவாள். பிறகு, சரி, மீட்டிங்கில் இரண்டு பேருமாகச் சொல்வோம், நீ எடுத்தாய், நான் பார்க்காமல் தட்டினேன், என்ன நடக்கிறதோ நடக்கட்டும் என்பாள். இரண்டு பெயர் என்றால் பழி பாதிப் பாதி. பாதிப் பழிக்கு யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அவள் அதைக் கூட யோசித்து வைத்திருக்கிறாள். அவன் வாய் திறந்தான். "இந்தத் தகரத்துக்குப் பின்னாடி நெஜமாவே வேலை நடக்குதா, இல்ல சும்மா அடைச்சு வெச்சிருக்கானுங்களா?" என்றான்.  அவளே கேட்டுவிட்டாள், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, வெளியே பார்த்துக்கொண்டு.

"ஏலே சபரி, அந்த மெசேஜ் அனுப்புற துண்டுல, காலியா வந்தா நின்னுறணும்னு ஒரு செக் போட்டிருந்தேம்லா. ஞாபகம் இருக்கா?"

"ம்ம்." கையைத் தலையிலிருந்து எடுத்தான். "இருந்துச்சு போல. ஏன்?"

"அது இப்ப இல்ல."

"அப்படியா?" கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, பின்னால் ஒரு தண்ணீர் லாரி. "எத்தன பேர் கை வெச்ச கோடு, ஜெசி. யாரு எடுத்தான்னு இப்ப எங்க போய்த் தேடறது. நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. பச்சை விழுந்து, கார் வலது பக்கம் திரும்பி, பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஏறிவிட்டது. அவள் அந்த இரண்டு சொல்லிலேயே நின்றுவிட்டாள். நான் இருக்கேன்ல. எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். அப்பா செத்த அன்று ஆபீஸ் வாசலில் வைத்துச் சொன்னான், தூத்துக்குடி வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான், அது பொய்யா? லலிதாவுக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் வேண்டுமென்று அவன் அலைந்தபோது, நான் இருக்கேம்லா என்று இவள் சொன்னாள், கொடுத்தாள், அது பொய்யா? எது எதெல்லாம் பொய் என்று இப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமா? ஒரு இடத்தில் காலி என்று தெரிந்துவிட்டால் அதுதான் தொல்லை, எல்லா இடத்தையும் தட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. அவன் வெறும் ஆளாக இருந்து, யாரோ ஒரு சக பணியாளனாக இருந்து இதைச் செய்திருந்தால் கோபம் வரும், திட்டுவாள், மறந்துபோவாள். முகத்தைப் பார்த்து 'அப்படியா' என்கிறானே. அப்படியாவாம். ராஜாமணி அம்மாள் படியில் உட்கார்ந்து மெசேஜ் வருமா என்று போனைப் பார்த்தாளோ என்னவோ. எந்த மாதிரிப் பெண்பிள்ளை, கூட யாராவது வந்தார்களா, கதவு பூட்டியிருக்கிறதே, ஒருவேளை நாமதான் தேதியைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தன்னையே சந்தேகப்பட்டிருப்பாள். ஆமாம், அப்படித்தான் நினைத்திருப்பாள். நேற்று முழுக்க ஜெசிந்தா நினைத்த மாதிரியே. பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம். முப்பத்தாறு வயசில் பேர் கெட்டு எந்த வாசலில் போய் நிற்பது, எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள், ஒரே ரோட்டில்தான் எல்லா ஆபீஸும். அது ஒரு பக்கம். அதைவிட, இவன் இன்னும் சொல்லுவான் என்று அவள் காத்துக்கொண்டிருப்பது பயமாக இருந்தது. செம்மஞ்சேரி வரைக்கும் பார்ப்போம் என்று மனசு மறுபடியும் கெடு வைத்துவிட்டது. தூ, உனக்கு வெட்கமே இல்லையா ஜெசிந்தா.

அப்போதுதான் காரின் திரையில் வாசுகி மேடம் என்று பெயர் வந்து மணி அடித்தது. வண்டி ஓட்டுகிறவன் கை. நினைக்கும் முன்னாலேயே ஸ்டியரிங்கில் இருந்த பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டது. அமுக்கின பிறகுதான் அவன் முகம் மாறியது, அதை அவள் பார்த்தாள்.

"சபரி, நேத்து நீ சொன்னதை யோசிச்சேன்," என்று கார் முழுக்க மேடம் குரல் வந்தது. "ஜெசிந்தா பேரையே சொல்லிடலாம். ஊருக்குப் போற அவசரத்துல அவதான் அந்த செக்கை எடுத்துட்டான்னு நீயே மீட்டிங்ல சொல்லிடு. கூட வேலை பாக்கறவன் சொன்னாத்தான் நம்புவாங்க. அவகிட்ட முன்கூட்டியே எதுவும் சொல்லி—"

"மேடம், டிரைவிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்," என்று கட் பண்ணினான்.

ரேடியோ தானாகத் திரும்பி வந்து ஏதோ நகைக்கடை விளம்பரம் பாடியது. அவன் அதை அணைத்தான்.  நேற்று. நேற்று சாயங்காலம் இதே காரில்தான் வீட்டுக்குப் போனாள். எங்கே தவறவிட்டேன் என்று தெரியலையே சபரி என்று புலம்பிக்கொண்டு வந்தாள். 'விடு ஜெசி, யாருக்கும் நடக்கிறதுதான்' என்று ஆறுதல் சொன்னானே பாவி. பள்ளிக்கரணையில் இவளை இறக்கிவிட்டு, அந்த ஆறுதலைச் சொன்ன வாய் காய்வதற்குள் மேடத்துக்குப் போன் போட்டிருக்கிறான். இல்லை, அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் ஆறுதல் சொன்னானோ. வரியை எடுத்ததோடு நிற்கவில்லை, எடுத்த கையையும் அவளுடையதாக ஆக்கிவிட்டான். கத்துவோம் என்று வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. 

"ஏன்லே?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கூடத் தேவலை. "ஜெசி, நான் சொல்றத முழுசாக் கேளு," என்றான், ரிலீஸ் அன்று என்ன செய்ய வேண்டும் என்று டீமுக்கு விளக்குவானே, அந்தப் பொறுமையான குரலில். "எனக்கு ரெண்டு புள்ளைங்க. அப்பா படுக்கையில. லலிதாவும் வேலையை விட்டுட்டா. நான் வெளிய போனா அஞ்சு பேர் வெளிய. நீ ஒத்த ஆளு. உன் கெட்டிக்காரத்தனத்துக்கு எங்க போனாலும் எடுத்துக்குவான். கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும், அவ்ளோதான். நானே உனக்கு ஆள் பாத்து விடறேன், சத்தியமா."

"யாரு எடுத்தான்னு அதுல எழுதியிருக்குல்லா. காட்டிட்டா?"

"அத எடுத்துப் பாக்கத் தெரிஞ்சவங்க அந்த ரூம்ல ரெண்டே பேர். நானும் நீயும்."  பிறகு, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, கொஞ்சம் அன்பாகவே சொன்னான்: "நீ எனக்கு எதிரா வாயைத் தொறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், ஜெசி."

தெரியும். அதுதான் அவளை அடித்தது. ஒத்த ஆளு என்றதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம்; இருக்கட்டும், ஒத்த ஆள்தான், இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா ஆபரேஷன் பண்ணின கண்ணை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் தனியாக இருப்பது இவன் கணக்கில் வராது, அதுவும் போகட்டும். ஆனால் இவன் கணக்கு முழுவதும் அவளுடைய நல்ல குணத்தின் மேலல்லவா நிற்கிறது. திருடுகிறவன் நாய் குரைக்காது என்று தெரிந்து வருகிற மாதிரி, இவள் பேச மாட்டாள் என்று தெரிந்து வந்திருக்கிறான். இத்தனை வருசம் இவள் இவனுக்குக் கொடுத்ததெல்லாம், படிக்காமல் தட்டினதெல்லாம், ரத்தம், சிரிப்பு, காரில் பக்கத்து சீட், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து இவன் கண்டுபிடித்தது, இவள் வாய் திறக்க மாட்டாள் என்பதுதான். அதில் கொடுமை என்னவென்றால் அவன் சொன்னது சரி. திறந்திருக்க மாட்டாள். அவன் இப்படி வெளியே சொல்லாமல் இருந்திருந்தால், மீட்டிங்கில் அவன் அவள் பெயரைச் சொல்லும்போது, மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பாள். வாயில்லாமல் போய்விடுகிற ஆள்தான் அவள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் கடந்துபோகிற ஆள். எழும்பூரிலும் அதுதானே செய்தாள். படித்திருந்தால் கேட்டிருக்க வேண்டும், கேட்டால் அவனுக்குச் சங்கடம் என்று படிக்காமலே இருந்துவிட்டாள். படியில் சாய்ந்த அம்மாளுக்கு இவள் என்ன பதில் சொல்வாள், சபரிக்குச் சங்கடமாக இருக்குமே என்று பார்த்தேன் என்றா?

நாவலூர் தாண்டுமுன் டிபன் பாக்ஸை எடுத்துக் காலடியில் வைத்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். வாசுகி மேடம் பெயரைத் தேடி அழுத்தினாள். அவன் பக்கவாட்டில் பார்த்தான். "யாருக்கு?" என்றான்.  போனை இரண்டு சீட்டுக்கும் நடுவில், அவனுக்கும் பக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், ஜெசிந்தா பேசுதேன். சபரி வண்டியிலதான் இருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நான் சொல்றத அவனும் கேக்கட்டும்."

 சற்று முன்னால் பேசினதை ஜெசிந்தா கேட்டிருக்கிறாள் என்று மேடத்துக்கு உறைத்திருக்க வேண்டும். "சொல்லு," என்றாள் மெல்ல.

"அந்த மாத்தத்தப் படிக்காம அப்ரூவ் பண்ணினது நான். அது என் தப்பு. மீட்டிங்லயும் அதச் சொல்லுவேன், அந்த ராஜாமணி அம்மா வீட்டுல கேட்டாலும் சொல்லுவேன். அந்த செக்கை எடுத்தது யாருன்னு சபரி இப்ப சொல்லுவான்."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். கடவுளே, இன்னமும் பார்த்தாள். ஆமாம் மேடம், நான்தான் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை வந்தால் பழியில் பாதியை இந்த நிமிஷமே தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வாள், ரெண்டு பேருமாத்தான் செஞ்சோம் மேடம் என்பாள், பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கெஞ்சக் கூடக் கெஞ்சுவாள். அவன் முன்னால் போகிற கம்பெனி பஸ்ஸின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சபரி?" என்றது போன். "நேத்து அவதான் எடுத்தான்னு சொன்னே. சபரி? லைன்ல இருக்கியா?"

அவன் உதட்டை நக்கிக்கொண்டான். போனுக்குக் கொஞ்சம் குனிந்தான்.

"ஹலோ? ஹலோ? மேடம், வாய்ஸ் பிரேக் ஆவுது," என்றான். "இங்க சிக்னல் சரியில்ல மேடம்."

ஜெசிந்தா போனை அவனிடமிருந்து விலக்கித் தன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது மேடம்," என்றாள். "நானே சொல்லுதேன்."